முதல் நூறு மணி நேரம் மேற்பார்வையில் இருக்கட்டும்

அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கும், அந்நாட்டுப் பயிற்சிப் பள்ளிகளின் தலைமைப் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். புதிய விமானப் பயிற்றுநர்கள் முதல் நூறு மணி நேரம் மூத்தவரின் மேற்பார்வையில் கற்பிக்கட்டும் என்று கேட்டு இதை எழுதுகிறோம்.

உங்கள் நாட்டில் வணிக விமானி உரிமம் 250 மணி நேரத்தில் கிடைக்கிறது. நீங்கள் ஒப்புதல் தந்த பாடத்திட்டத்தில் நடக்கும் பகுதி 141 பள்ளிகளில் 190 மணி நேரமே போதும். பயிற்றுநர் சான்றுக்கென்று நீங்கள் தனியாகக் கேட்கும் பறப்பு நேரம், அந்த வகை விமானத்தில் பொறுப்பு விமானியாக 15 மணி நேரம் மட்டுமே. தேர்வில் தேறிய மறுநாளே புதிய பயிற்றுநர் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கலாம். மாணவர் ஆயத்தமாகிவிட்டார் என்று தோன்றினால், அவரைத் தனியாகப் பறக்க அனுப்பவும் அந்தப் பயிற்றுநர் ஒருவரின் கையெழுத்தே போதும். ஆனால் புதிய பயிற்றுநர்களை உருவாக்க விரும்புபவருக்குப் பொதுவாக 24 மாதச் சான்றும் 200 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறீர்கள். ஏற்கெனவே பறக்கத் தெரிந்தவருக்குக் கற்றுத்தரக் கேட்கும் அனுபவத்தை, ஒன்றும் தெரியாதவருக்குக் கற்றுத்தரக் கேட்காதது சரியல்ல.

மொத்த மணிக்கணக்கை உயர்த்தச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. 2009 பிப்ரவரி 12 அன்று பஃபலோ அருகே கோல்கன் ஏர் நிறுவனத்தின் 3407 பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதைத் தொடர்ந்தே துணை விமானிக்கும் 1,500 மணி நேரம் வேண்டும் என்ற விதி 2013-இல் வந்தது. அன்று பறந்த இருவருமே 1,500-ஐத் தாண்டியவர்கள். ஸ்டால், அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலை, நெருங்குகிறது என்ற எச்சரிக்கையில் கட்டுப்பாட்டுக் கைப்பிடி அதிர்ந்தபோது கேப்டன் அதைப் பின்னால் இழுத்தார். அந்த நொடியில் கை முன்னே போக வேண்டும் என்பது முதல் இருபது மணி நேரத்திலேயே ஊறிப்போக வேண்டிய பழக்கம். அதை ஊட்டும் வேலையைத்தான் இன்று பெரும்பாலும் புதியவர்களிடம் விட்டிருக்கிறீர்கள். அவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. தேர்வில் அளக்க முடியாத சில திறன்கள் மட்டும் இன்னும் வந்திருக்காது.

முதலாவது, பயிற்றுநர் உட்காரும் வலது இருக்கை. இதுவரை இடப்பக்கமே உட்கார்ந்து பழகியவருக்கு மூக்கின் நடுப்பகுதி இப்போது இடப்புறம் தெரியும். அதை ஓடுபாதையின் கோடிக்கு நேராக வைத்தால் விமானம் வலப்பக்கம் திரும்பியபடியே தரை தொடும். தன் கண்ணுக்கு நேர் முன்னே ஒரு புள்ளியைக் குறித்துக்கொள்ளப் பழக வேண்டும். இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடக்கையிலும் கைப்பிடி வலக்கையிலும் இருக்க, குறுக்குக்காற்றிலும் தரையிறக்குவது கையோடு வந்துவிட வேண்டும். அதன் பிறகுதான் மாணவரை ஏற்க வேண்டும்.

இரண்டாவது, எப்போது கையை வைப்பது. இதுதான் எல்லாவற்றிலும் கடினம். கட்டுப்பாட்டைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டால் மாணவர் கற்கமாட்டார். தாமதித்தால் முன்சக்கரமும் புரொப்பெல்லரும் போகும். தரையிறங்கும்போது மாணவர் இன்னும் உயரத்தில் இருக்கையிலேயே மூக்கைத் தூக்கி, வேகம் வடிந்து, பொத்தென்று விழுந்து துள்ளுவார். பயத்தில் கைப்பிடியை முன்னே தள்ளுவார். இரண்டாவது துள்ளல் முதலாவதைவிடப் பெரிதாக இருக்கும், மூன்றாவதற்குள் ஏதாவது உடையும். ஆகவே எல்லையைப் புறப்படும் முன்பே பேசி வைக்க வேண்டும்: பெரிதாகத் துள்ளினால் முழு விசை, மேலே ஏறிவிடுவது. பயிற்றுநரின் பாதங்கள் மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரடர் பெடலருகிலும் ஒரு கை த்ராட்டிலருகிலும் இருக்க வேண்டும். "என் கட்டுப்பாடு", "உங்கள் கட்டுப்பாடு", "என் கட்டுப்பாடு" என்ற மூன்று வார்த்தைப் பரிமாற்றத்தை ஒருமுறைகூட விடக் கூடாது.

ஸ்டால் பயிற்சியில் ஒரு இறக்கை சாயும்போது மாணவர் அனிச்சையாக விமானத்தைச் சாய்த்து நிமிர்த்தும் எய்லரானைத் திருப்புவார். அது சாய்ந்த இறக்கையை இன்னும் ஆழமாக ஸ்டாலுக்குள் தள்ளும். முதலில் மூக்கு கீழே, பக்கவாட்டுத் திரும்பலைத் தடுக்க ரடர். புதியவர் இதைத் தான் செய்து பார்த்திருப்பார். இன்னொருவர் தப்பாகச் செய்வதை வலது இருக்கையிலிருந்து பார்த்திருக்கமாட்டார். ஸ்டாலான விமானம் சுழன்றபடி விழுவதுதான் ஸ்பின்; அதில் பயிற்சி பெற்றதற்கான சான்றுக்கு மணிக்கணக்கே கிடையாது; பெரும்பாலும் ஒரே பறப்பில் முடிந்துவிடுகிறது. பல பள்ளிகளில் பறக்கும் பைப்பர் ஆர்ச்சரில் வேண்டுமென்றே ஸ்பின் செய்யத் தடை என்பதால், பிறகு அதைத் தொடும் வாய்ப்பும் இல்லை.

இன்ஜின் நின்றதாகப் பாவனை செய்யும்போது த்ராட்டிலை மட்டுமே குறைக்க வேண்டும். கார்பரேட்டர் இன்ஜினில் முதலில் கார்பரேட்டரில் பனி உறையாமல் காக்கும் ஹீட்டைத் திறக்க வேண்டும். மாணவர் சரிபார்ப்புப் பட்டியலைச் சொல்லிக்கொண்டே எரிபொருள் வால்வை நிஜமாகவே மூடிவிடக் கூடும். விரல் போகும் இடத்தைப் பார்ப்பது பயிற்றுநரின் வேலை.

ஐரோப்பாவில் இதற்கு வழி இருக்கிறது. அங்கே புதிய பயிற்றுநர் கட்டுப்பாடுள்ள சான்றோடு, மூத்தவரின் மேற்பார்வையில் தொடங்குகிறார். முதல் தனிப்பறப்புக்கும், முதல் தொலைதூரத் தனிப்பறப்புக்கும் அவர் ஒப்புதல் தர முடியாது. 100 மணி நேரம் கற்பித்து, மாணவர்களின் 25 தனிப்பறப்புகளை மேற்பார்வை செய்தபின்தான் கட்டுப்பாடு நீங்கும். இதே ஏற்பாட்டை உங்கள் விதியில் சேர்க்கக் கோருகிறோம். தமிழ்நாட்டிலிருந்தும் பலர் கடன் வாங்கி உங்கள் பள்ளிகளுக்கு வருகிறார்கள். அவர்களுக்கும் இது பாதுகாப்பு.

தலைமைப் பயிற்றுநர்கள் விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தனிப்பறப்புக்கு முன் மூத்தவர் ஒருவர் அந்த மாணவரோடு பறந்து பார்க்கட்டும். இன்ஜின் ஓடும் நேரத்துக்கு மட்டும் சம்பளம் என்ற வழக்கத்தை விடுங்கள். அதனால்தான் பறப்புக்கு முன்னும் பின்னும் நடக்க வேண்டிய அரை மணி நேரப் பேச்சு ஐந்து நிமிடமாகச் சுருங்குகிறது. பயிற்றுநர் 1,500-ஐ எட்டி ஏர்லைனுக்குப் போகும்போது, மாணவரின் பலவீனங்களை எழுதி வாங்கிக்கொண்டு, புதியவரைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து ஒரு பறப்பு நடத்துங்கள். அதன் செலவு மாணவர் கணக்கில் ஏறக் கூடாது.

இப்படிக்கு,
பயிற்றுநர் பயிற்சியில் ஈடுபட்டுள்ளோர்