கூரைக்கு ஒரு கை குடு கண்ணா

கண்ணா, நல்லா இருக்கியா. இங்க சைதாப்பேட்டையில நாங்க சுகம், அப்பாவுக்கு சுகர் கொஞ்சம் இறங்கியிருக்கு.

போன்ல சொன்னா பாதியிலயே மீட்டிங்னு வெச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். ரிட்டயர்டு ஆனதுல இருந்து மாசம் ஒருதடவை ஜவ்வாது மலைக்குப் போறேன்ல, அந்த டிரஸ்ட் ஆஸ்பத்திரி விஷயம்தான். போன தடவை ராத்திரி பேய்மழை, பிரசவ வார்டு கூரை ஒழுகுதுன்னு டேபிளுக்கு மேல தார்ப்பாய் கட்டியிருந்தோம், அதுலயும் தண்ணி தொப்பை மாதிரி தேங்கி நிக்குது, ஒரு சிஸ்டர் தொடப்பக்கட்டையால முட்டி முட்டி பக்கெட்டுல வடிக்கிறா, கீழ அந்தப் பொண்ணு வலியில கத்துறா, 19 வயசு. குழந்தையை வார்மர்ல, அதான் பிறந்த குழந்தைக்கு சூடு குடுக்கிற மெஷின்ல, போடலாம்னா அந்த மெஷினே நனைஞ்சிடும்னு பாலிதீன் சுத்தி மூலையில கெடக்கு, அவ நெஞ்சுலயே போட்டு ரெண்டு பேரையும் சேர்த்துப் போத்திவிட்டோம். நல்லா இருக்காங்க. ஆனா இத்தனை வருஷம் லேபர் வார்டுல நின்னவ, எனக்கே அன்னைக்கு கை நடுங்குச்சுடா.

மெஷின் வாங்கித் தர ஆளு வர்றாங்க, அதுல பேரு எழுதலாம்ல. கூரைக்கும் கக்கூஸுக்கும் செப்டிக் டேங்குக்கும் யாரும் வர மாட்டேங்குறாங்க, எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது. நம்ம அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டே 1954ல 12 பெட்டோடதான் ஆரம்பிச்சது, முத்துலட்சுமி ரெட்டி அம்மா ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டு நிமித்தினது. கேக்கறதுல வெக்கம் என்ன.

கூரைக்கு மட்டும் எஸ்டிமேட் 11 லட்சம், பாதி இங்க சேர்ந்துடுச்சு. அங்க வெளிநாட்டுல இருக்கிற உன் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேளு. ஒண்ணு மட்டும் கவனம், எல்லார் காசையும் உன் அக்கவுண்ட்ல வாங்கி மொத்தமா அனுப்பாத. இந்தியன் பாஸ்போர்ட் இருக்கறவங்க சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடையில சேராது, டிரஸ்ட்டோட சாதாரண அக்கவுண்ட்டுக்கே போடலாம். சிட்டிசன்ஷிப் மாத்தினவங்க, இந்திய வம்சாவளின்னு தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும் சரி, டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச்ல டிரஸ்ட்டுக்கு இருக்கிற எஃப்சிஆர்ஏ அக்கவுண்ட்டுக்குத்தான், அதான் வெளிநாட்டு நன்கொடை வாங்கற அக்கவுண்ட்டுக்குத்தான் போடணும். இவங்களுக்கு அந்த ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கு, நானே பேப்பர் வாங்கிப் பார்த்துட்டேன். அவங்கவங்க பேர்ல ரசீது வரும்.

ஐப்பசி மழைக்குள்ள ஷீட்டைப் பிரிச்சு கான்கிரீட் போட்டாகணும், மேஸ்திரி ஆவணியில வேலை ஆரம்பிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. எஸ்டிமேட்டும் கூரை போட்டோவும் வாட்ஸ்அப்ல போடறேன், பார்த்துட்டு சனிக்கிழமை கூப்பிடு. வேளைக்கு சாப்பிடு.

அம்மா