பிள்ளைகளுக்கு வகை குறிக்க வேண்டாம்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தும் கருத்தாளர்களுக்கு,

வணக்கம். இருபது வருடங்களாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் இடைநிலை ஆசிரியை நான். பணியிடைப் பயிற்சிகளில் உங்கள் எதிரே உட்கார்ந்து குறிப்பெடுத்தவள். உங்களில் பலரும் என்னைப் போலவே வகுப்பறையிலிருந்து வந்தவர்கள் என்பதால், மனதில் இருப்பதை நேராகவே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சியில் எங்களுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் மூன்று கட்டங்கள்: பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர். ஏதாவது ஒன்றில் டிக் போட்டு, அதற்கேற்ப நடத்த வேண்டும். இப்படிப் பிள்ளைகளை வகை பிரிப்பதைத்தான் 'கற்றல் பாணி' என்கிறார்கள். நல்ல எண்ணத்தில் வந்த தாள்தான். எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றுபோல் நடத்தாதீர்கள் என்று அது சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. மகிழ்ச்சியோடுதான் நிரப்பினேன்.

அந்த வருடம் இரண்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவ்வளவு நன்றாகப் பாடுவாள். யோசிக்கவே இல்லை, 'கேட்டுக் கற்பவர்' கட்டத்தில் டிக் போட்டேன். எல்லாவற்றையும் பாட்டாகவே சொல்லிக் கொடுத்தேன். புத்தகத்தை விரித்து, வரிக்கு வரி விரலை நகர்த்தி, தடங்கலே இல்லாமல் வாசிப்பாள். பிப்ரவரியில் ஒருநாள், பக்கத்தின் நடுவில் இருந்த 'கேணி' என்ற சொல்லைத் தொட்டு, "இது என்னம்மா?" என்று கேட்டேன். அவள் விரல் மேலே முதல் வரிக்குப் போனது. அங்கிருந்து மெதுவாக முணுமுணுத்துப் பாடிக்கொண்டே வந்து, நான் தொட்ட இடத்தில் நின்று, "கேணி" என்றாள். அதே சொல்லைக் கரும்பலகையில் தனியாக எழுதினேன். என் முகத்தைப் பார்த்தாளே தவிர வாய் திறக்கவில்லை.

ஜூனிலிருந்து பிப்ரவரி வரை அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாமல் போனது. நான் போட்ட டிக் அதை மறைத்துவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வேதனைதான்.

அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். அவள் திணறியது கொம்பில். 'கே' என்று எழுதும்போது இரட்டைக்கொம்பு முன்னால் நிற்கிறது. வாயிலோ 'க்' முதலில் வந்து, அந்த உயிரொலி பின்னால்தான் வருகிறது. 'கோ'வில் எழுத்துக்கு இரண்டு பக்கமும் குறிகள். பழகிப்போன நம் கண்ணுக்கு இது உறைப்பதில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அது பெரிய முடிச்சு. எத்தனை பாட்டுப் பாடினாலும் அது அவிழாது. அட்டையில் கொம்பைத் தனியாக வெட்டி, க, ச, ப என ஒவ்வொன்றின் முன்னாலும் அவளையே நகர்த்தி வைக்கச் சொன்னேன். வைத்ததை உரக்கச் சொன்னாள், சொன்னதை எழுதினாள். கண், காது, கை எல்லாம் சேர்ந்துதான் வேலை செய்தன. ஏப்ரலுக்குள் தனிச் சொற்களை வாசித்தாள். அதே அட்டை மற்ற இரண்டு கட்டங்களில் டிக் வாங்கிய பிள்ளைகளுக்கும் உதவியது.

எந்த வழியில் சொல்லித் தருவது என்பதைப் பெரும்பாலும் பாடம்தான் முடிவு செய்கிறது. ல, ள, ழ வேறுபாட்டைக் காதால் கேட்காமல், நாக்கை மடித்துப் பார்க்காமல் யாருக்கும் வராது. பின்னத்துக்குத் தாளை மடிக்க வேண்டும். காவிரி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு வரைபடம் வேண்டும்.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. 2004-இல் பிரிட்டனில் ஃபிராங்க் காஃபீல்டும் அவர் குழுவினரும் இதுபோன்ற 71 வகைப்பாடுகளைத் திரட்டி, அவற்றில் முக்கியமான 13-ஐ ஆராய்ந்தார்கள். பலவற்றின் அடித்தளம் பலவீனமாக இருந்தது. 2008-இல் ஹெரால்டு பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள், பிள்ளையின் வகைக்குப் பொருத்திப் பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். அறிவு ஒன்றல்ல, பல வகை என்னும் பன்முக அறிவுக் கோட்பாட்டை 1983-இல் முன்வைத்த உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னரே, அதையும் கற்றல் பாணியையும் போட்டுக் குழப்ப வேண்டாம் என்று பின்னாளில் விளக்கியிருக்கிறார். பிள்ளைகளுக்கு விருப்பங்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாட்டுப் பிடிக்கும் என்பது வேறு, பாட்டில் சொன்னால்தான் ஏறும் என்பது வேறு.

பிள்ளைக்குப் பிள்ளை உண்மையிலேயே மாறுவது, ஏற்கெனவே என்ன தெரியும் என்பதுதான். அதைப் பார்த்துப் பாடம் நடத்துவது நம் மாநிலத்துக்குப் புதிதும் இல்லை. ஆந்திராவில் உள்ள ரிஷிவேலி பள்ளியின் முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் பாடங்களைப் படிப்படியாக அடுக்கிய ஏணியில், பிள்ளை தான் நிற்கும் படிக்கான அட்டையை எடுத்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்ததும் நிலையை வைத்துத்தான். இன்று அரும்பில் இருப்பவள் நாளை மொட்டுக்குப் போகலாம். 'கேட்டுக் கற்பவர்' என்று எழுதிவிட்டால் எங்கே போவாள்?

இன்னொன்றும் இருக்கிறது. வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ பிள்ளை திணறும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை' 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. எழுத்தில் திணறும் பிள்ளையை 'இவன் செய்து கற்பவன்' என்று ஒதுக்கிவிட்டால், சிறப்புப் பயிற்றுநரிடம் போக வேண்டியவன் போகாமலே இருந்துவிடுவான்.

அதனால் உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்தத் தாளை விட்டுவிடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளின் நோட்டுகளை எங்கள் முன் வையுங்கள். 42-இலிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருப்பான் ஒருவன். ஒன்றின் இடத்தில் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறான். ஒரு பத்தை அவிழ்த்துப் பத்து ஒன்றுகளாக்கலாம் என்பது அவனுக்குத் தெரியவில்லை. தவறைப் பார்த்து இப்படிக் காரணத்தைப் பிடிக்க எங்களுக்குப் பழக்குங்கள். பிடித்துவிட்டால், குச்சிக் கட்டா, படமா, கதையா என்பதை நாங்களே பார்த்துக்கொள்வோம்.

அடுத்த பயிற்சிக்கு என் வகுப்பிலிருந்து பத்து நோட்டுகள் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
ஓர் இடைநிலை ஆசிரியை