தோட்டாவின் வாயை எப்படி மூடினாலும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

டிராப் சுடுதல் (பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுடும் போட்டி) பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இல்லினாயிலிருந்து படித்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தப் பிரிவில் சுட்ட பிருத்விராஜ் தொண்டைமானைப் பற்றி எழுதியிருந்தது மகிழ்ச்சி. ஆனால் சுட்ட தோட்டாவை வீட்டிலேயே மறுபடி நிரப்புவது பற்றிய பத்தியில், வெடிமருந்தையும், ரவை என்ற சிறு குண்டுகளையும் சரியாக நிறுத்துப் போட்டால் போதும், வாயை எப்படி மூடினாலும் ஒன்றுதான் என்று இருந்தது. இது கையையும் கண்ணையும் பறிக்கக்கூடிய தவறு. இங்கே கிளப்பில் ரீலோடிங், அதாவது இந்த மறுநிரப்பல், பழக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இதைச் சும்மா விட முடியவில்லை.

புகையில்லா மருந்து அடைபட்டால் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர் பற்றும் அந்தக் கணத்தில், ரவையின் எடையோடு சேர்ந்து மருந்தை அடைத்து நிற்பது தோட்டாவின் மூடிய வாய்தான்.

பழைய முறை ரோல் கிரிம்ப். ரவைமேல் அட்டை வில்லை வைத்து, தோட்டாவின் வெளிக்கூடான ஓட்டின் விளிம்பை உள்பக்கமாகச் சுருட்டுவார்கள். இப்போது பரவலாக இருப்பது நட்சத்திர மடிப்பு. ஓட்டையே ஆறு அல்லது எட்டு மடிப்பாக மடித்து மூடுவதால் அட்டை வேண்டாம். இந்த மடிப்பு விரிய அதிக விசை தேவை. அதனால் மருந்து, ரவை, இரண்டுக்கும் நடுவே வைக்கும் வாட் என்ற அடைப்பு எல்லாம் அதேதான் என்றாலும், பொதுவாக ரோல் கிரிம்பைவிட அழுத்தம் கூடும். 12 கேஜ் (குழலின் அகல அளவு), 2¾ அங்குலத் தோட்டாவுக்கு அமெரிக்காவில் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற துப்பாக்கி, தோட்டாத் தர அமைப்பு வைத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 11,500 பவுண்டு. ரோல் கிரிம்புக்கென்று அச்சிட்ட, அந்த வரம்பை ஒட்டிய அளவை எடுத்து நட்சத்திர மடிப்பு போட்டால் வரம்பைத் தாண்டிவிடலாம்.

ஒரே முறைக்குள்ளும் ஆழம் முக்கியம். மடிப்பு உள்ளே இறங்க இறங்க அழுத்தம் ஏறும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கை ஒட்டி வைத்துக்கொண்டு, வெர்னியர் காலிப்பரின் பின்முனையால் அளந்து பாருங்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். கண் மதிப்பு இதற்கு உதவாது. எட்டு மடிப்பாக வந்த ஓட்டை எட்டாகவே மடிக்க வேண்டும்.

சரி, தளர்வாக மூடிவிட்டால் பாதுகாப்பா? அதுவும் இல்லை. அழுத்தம் போதாமல் மருந்து அரைகுறையாக எரியும், குளிர்காலத்தில் இன்னும் மோசம். ஒரு ஜனவரிக் காலையில் எங்கள் மைதானத்தில் ஒருவருடைய துப்பாக்கி வழக்கமான சத்தம் இல்லாமல் மந்தமாக 'டப்' என்றது. அடுத்த தோட்டாவைப் போடப் போனவரை நிறுத்தி, துப்பாக்கியைத் திறந்து காலியாக்கிக் குழலைப் பார்த்தோம். வாட் நடுவில் சிக்கியிருந்தது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கலாம்.

கடையில் வாங்கிய தோட்டாவைச் சுடுகிறவர்களுக்கும் ஒன்று. தோட்டாவில் எழுதியிருக்கும் நீளம், சுட்டபின் வாய் விரிந்த நீளம். நட்சத்திர மடிப்புள்ள 70 மில்லிமீட்டர் தோட்டா, சுடுமுன் 60 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். பழைய பிரிட்டிஷ் இரட்டைக்குழல்கள் பலவற்றின் அறை (குழலில் தோட்டா உட்காரும் இடம்) நீளம் 65 மில்லிமீட்டர், அதாவது 2½ அங்குலம். அதற்குள் இது தாராளமாகப் போகும். சுடும்போது வாய் விரிந்து, குழல் குறுகும் இடத்தில் போய் நெரியும், அழுத்தம் ஏறும். உள்ளே போகிறதே என்று நம்பிவிடக் கூடாது. தாத்தா காலத்துத் துப்பாக்கியை உரிமத்தோடு வைத்திருக்கும் குடும்பங்கள் அறை நீளத்தை அளந்து தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தியாவில் தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும் என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு சொல்கிறது. கட்டுரை இதைச் சொல்லவே இல்லை. அடுத்த ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், இரண்டு திருத்தங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பியோரியா வாசகர்,
இல்லினாய், அமெரிக்கா