கிராமசபை கூடாமலே கையெழுத்தா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வார்டில் கிராமசபைக்கு ஆள் சேராத நாளில், வருகைப் பதிவேடு டீக்கடைக்கும் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிடுகிறது. "சும்மா ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணா" என்கிறார்கள். யாருக்கு வீடு, எந்தத் தெருவுக்குக் குடிநீர் என்று பேசி முடிக்க வேண்டிய இடம் கிராமசபை. 1994-ஆம் ஆண்டின் கேரள பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி 3 மாதத்துக்கு ஒருமுறையாவது சபை கூட வேண்டும். கூட்டுவது வார்டு மெம்பரின் கடமை. தொடர்ந்து இரண்டு முறை தவறினால் பதவிக்கே ஆபத்து. வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை. அதைத் திண்ணைக் கையெழுத்தால் நிரப்புவது மோசடிதான்.

அப்புறம் டெண்டர் விஷயம். உறவினர் எடுக்கும் வேலை விவாதத்துக்கு வந்தால், மெம்பர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போக வேண்டும். எந்தக் கட்சியானாலும் சரி.

புகார் கேட்க உள்ளாட்சிக்கென்றே திருவனந்தபுரத்தில் ஓம்புட்ஸ்மன் இருக்கிறார். அந்த முகவரியையும் கிராமசபை அறிவிப்பையும் தமிழிலும் எழுதி ரேஷன் கடையில் ஒட்டுங்கள். எங்கள் பெரியவர்கள் பலருக்கு மலையாளம் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது.

வாக்காளர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்