மனைவியின் பின்னே அவன் ஓடியிருக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடியால் சிதையும் குடும்பங்களைக் காட்டிய பழைய ஹாலிவுட் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 1962இல் வெளியான ‘டேஸ் ஆஃப் வைன் அண்ட் ரோஸஸ்’ படத்தின் முடிவு ஈரமற்றது என்று எழுதப்பட்டிருந்தது. குடியை விட்டுவிட்ட கணவன், இன்னும் விட முடியாமல் தவிக்கும் மனைவியை வீட்டில் சேர்த்துக்கொள்ளாமல் அனுப்பிவிடுகிறான் என்பதுதான் கட்டுரையாளரின் மனத்தாங்கல். எனக்கோ, அந்தப் படத்தில் வேறு எந்த முடிவும் பொய்யாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

கர்ஸ்டன் தொடக்கத்தில் மதுவைத் தொடாதவள். சாக்லேட் என்றால் அவளுக்கு உயிர். அதைத் தெரிந்துகொண்டு, சாக்லேட் சுவையுள்ள பிராந்திக் கலவையை அவளுக்கு முதன்முதலில் வாங்கிக் கொடுப்பவன், பின்னர் அவளை மணக்கும் ஜோ. மகள் பிறந்து, பால் கொடுக்கும் தாயாக அவள் குடியை ஒதுக்கி வைத்திருக்கும் நாட்களில், போதையோடு வீட்டுக்கு வந்து, தன்னோடு சேர்ந்து குடிக்க மறுக்கிறாளே என்று சண்டை பிடிப்பவனும் அவனே. அவர்களுக்கிடையே நெருக்கம் என்பதே சேர்ந்து குடிப்பது என்றாகிவிட்ட பிறகு, அவன் ஊரில் இல்லாத ஒரு நாளில் அவள் போதையில் இருக்க வீடு தீப்பிடித்துவிட, குழந்தையோடு மயிரிழையில் உயிர் தப்புகிறாள்.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்டது மோட்டல் எனப்படும் சாலையோர விடுதியில் நடக்கும் காட்சி. மது மறந்தோர் சங்கமான ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டங்களுக்குச் சென்று தேறி வரும் ஜோ, மனைவியை மீட்டு அழைத்து வரத்தான் அங்கே போகிறான். தன்னோடு ஒரு வாய் குடிக்கச் சொல்லி அவள் கெஞ்ச, குடித்துவிட்டு மறுபடியும் மருத்துவமனையில் கட்டுண்டு கிடக்கிறான். கடைசிக் காட்சியில் அவன் அவள் பின்னே ஓடாததற்குக் காரணம் கல்நெஞ்சம் அல்ல. ஒருமுறை ஓடிப் பார்த்தவன் அவன். குடியை விடுவதானால் வரலாம் என்றுதான் அவளிடம் சொல்கிறான். இனி ஒருபோதும் குடிக்கமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

மாமனாரின் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடத்தில், தொட்டிக்குள் ஒளித்து வைத்த புட்டி எதில் என்று மறந்துபோய், ஒவ்வொரு தொட்டியாகப் போட்டு உடைத்துக்கொண்டு ஜோ அலைவதை என்னால் இன்றும் முழுமையாகப் பார்க்க முடிவதில்லை. என் தந்தையார் ஒரு மழை இரவில் அரிக்கேன் விளக்கோடு வைக்கோல்போரைப் பிரித்துப் பிரித்துத் தேடியதைத் திண்ணையில் நின்று பார்த்த சிறுவன் நான். கட்டுரையாளர் இக்காட்சியை மிகைநடிப்பு என்கிறார். ஜோவாக நடித்த, நகைச்சுவை வேடங்களுக்குப் பெயர்பெற்ற ஜாக் லெமனிடம் அவர் வேறு எதையோ எதிர்பார்த்திருக்கலாம். சங்கக் கூட்டக் காட்சிகளில் பிரசார வாடை வீசுகிறது என்று அவர் சொல்வதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு திருத்தமும் உண்டு. படத்தின் கதை, இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸுடையது அல்ல. ஜே. பி. மில்லர் எழுதி, 1958இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நாடகமாக ஒளிபரப்பானது அது, திரைக்கதையும் அவருடையதே. கர்ஸ்டனின் தந்தையாக நடித்த சார்லஸ் பிக்ஃபோர்ட் இரண்டிலுமே அந்த வேடத்தை ஏற்றிருக்கிறார். லெமனும், கர்ஸ்டனாக நடித்த லீ ரெமிக்கும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும், விருது பாடலுக்கு மட்டுமே கிடைத்தது.

கணவனையும் மனைவியையும் மாறி மாறி எடைபோடும் அக்கட்டுரையில், மகள் டெபியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. தாய் வெளியேறும்போது அந்தச் சிறு வீட்டில்தான் அவள் படுத்திருக்கிறாள். எழுந்து, அம்மாவுக்கு என்றைக்காவது குணமாகுமா என்று தந்தையிடம் கேட்கிறாள். எனக்குக் குணமாகவில்லையா என்கிறான் அவன். சன்னல் கண்ணாடியில் எதிர்ப்புற மதுக்கடையின் பெயர்ப்பலகை மின்னி மின்னி மறைகிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.