பதிமூன்றாம் தேதி ஏன் இடப்பக்கம் ஒதுங்கியது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது தெரிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

பால் சொசைட்டிக் கணக்கில் தேதிகள் குழம்புகின்றன என்று, கணக்கு எழுதும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளை மூன்று தடவை அழித்துவிட்டு மறுபடி போட்டாயாமே! இனி அதைத் தொடாதே. நிறுவும்போது ‘லோகேல்’ என்று வரிசையாக எச்சரிக்கை வந்ததாக எழுதியிருந்தாயே, கோளாறு அங்கேதான். லோகேல் என்றால் எந்த மொழி, எந்த நாட்டு வழக்கம் என்று கணினிக்குச் சொல்லும் அமைப்பு. கணினியை இயக்கும் டெபியனிடம் ‘தமிழ், இந்தியா’ என்று சொல்லியிருக்கிறாய். ஆனால் அந்த லோகேல் உன் கணினியில் உருவாக்கப்படவே இல்லை. தேடிக் கிடைக்காததால் ‘சி’ என்ற வெற்று அமைப்புக்குப் போய்விடுகிறது. லிப்ரே ஆபீஸ் அதைப் பார்த்து உன்னை அமெரிக்க ஆங்கிலக்காரன் என்று எடுத்துக்கொள்கிறது.

தேதி குழம்பியது இதனால்தான். அமெரிக்க வழக்கத்தில் மாதம் முன்னால் வரும். நீ 05/11/2023 என்று நவம்பர் ஐந்தை அடித்தால் அது மே பதினொன்று ஆகிவிடும். 13/11/2023 என்றால் பதிமூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். தேதி இருக்கும் பத்தியைக் கவனித்துப் பார்: பன்னிரண்டு வரை வலப்பக்கம் ஒட்டி நிற்கும், பதிமூன்றிலிருந்து இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும்.

கட்டளை அடிக்கும் டெர்மினலில், நிர்வாகி உரிமை தரும் சூடோவை முன்னால் போட்டு ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் லோகேல்ஸ்’ (sudo dpkg-reconfigure locales) கொடு. நீளமான பட்டியல் வரும். ‘டிஏ_ஐஎன்’ (ta_IN, அதாவது தமிழ், இந்தியா) என்ற வரிக்கு இறங்கி ஸ்பேஸ் பாரைத் தட்டினால் நட்சத்திரக் குறி விழும். அது விழாமல் என்டர் தட்டினால் பயனில்லை. அடுத்த திரையில் அதையே இயல்பாகத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வா.

அப்புறம் லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழி அமைப்பைத் திற. மெனுவின் மொழி, லோகேல், ஆவணத்தின் மொழி மூன்றும் தனித்தனி. மெனுவில் தமிழ் இல்லையென்றால் அதன் மொழிப்பொதியைத் தனியாக நிறுவவேண்டும். லோகேலில் நான் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ வைத்திருக்கிறேன்; நாள் முன்னால் வரும், டாலருக்குப் பதில் ரூபாய்க் குறி வரும். தமிழ் எழுத்துரு அளவு நீ சொன்னபடி கேட்காததற்கும் இங்கேயே வழி இருக்கிறது. தமிழை அது ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்’ என்று தனி வகையில் வைத்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் டிக் போட்டு, ஆவண மொழியாகத் தமிழைக் கொடு. தமிழுக்கென்று எழுத்துருவும் அளவும் தனியாக வைக்கலாம்.

ஒன்று மட்டும் மனதில் வை. லோகேலை மாற்றினால் பழைய தேதிகள் தானாகச் சரியாகாது. நவம்பர் ஐந்து மே பதினொன்றாகத்தான் உள்ளே பதிந்திருக்கிறது. இனி 11/05 என்று காட்டும். எழுத்தாக நின்றவற்றை டேட்டா மெனுவில் ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ வழியாக, நாள்-மாதம்-ஆண்டு என்று வகை கொடுத்துத் தேதியாக்கலாம். மாதமும் நாளும் மாறிப் பதிந்தவற்றைப் பால் நோட்டை வைத்துக்கொண்டு வரி வரியாகத்தான் பார்க்கவேண்டும்.

கோப்பை முதலில் நகல் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கு. ஊர்க்காரர்களின் பால் பணம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடு, நோட்டை நீ வாசி, நான் கூடவே சரிபார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்