திரும்பி வந்தவர்களுக்கு ஒரு விருப்பப்பாடம் கொடுங்கள்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அமெரிக்காவில் பாடம் நடத்தவும் ஆய்வு செய்யவும் இரு நாட்டு அரசுகளும் பணம் தரும் ஃபுல்பிரைட்-நேரு நல்கை கிடைத்த ஆசிரியருக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழுவுக்குப் போகும் அறிக்கையில் அவர் பெயரைச் சேர்க்கிறீர்கள். அதற்கெல்லாம் நன்றி. ஆனால் வெளிநாட்டில் பாடம் நடத்திவிட்டு வந்தவரை வைத்து என்ன செய்வது என்று யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

அமெரிக்கச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. அரசுப் பணத்தில், பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் போகிறவர் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருந்தாக வேண்டும். விலக்கு வாங்கினால் தவிர, அதுவரை வேலைக்கான ஹெச்-1பி விசாவும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. சொந்த நாட்டுக்குத் தேவையான திறன் உள்ளவர்களுக்கும் இதே விதி உண்டு; 2024 டிசம்பரில் அந்தத் திறன் பட்டியலிலிருந்து இந்தியாவை எடுத்துவிட்டார்கள் என்று பலர் மகிழ்ந்தார்கள். அரசுப் பணம் வாங்கியவர்களுக்கு அதனால் எதுவும் மாறவில்லை. கற்றதைச் சொந்த ஊரில் போய்ப் பயன்படுத்தட்டும் என்பதுதான் விதியின் நோக்கம். செலவிலும் நமக்குப் பங்கு உண்டு. 1950இல் தொடங்கிய ஏற்பாடு 2008இல் புதுப்பிக்கப்பட்டபோது இந்தியாவும் பணம் போடும் முழுப் பங்காளியானது. பெயரில் நேரு சேர்ந்ததும் அதன் பிறகுதான்.

சரி, அந்த இரண்டு ஆண்டுகளில் நீங்கள் எங்கள் கையில் கொடுப்பது என்ன? பழைய கால அட்டவணை.

என் கதையையே சொல்கிறேன். அமெரிக்காவின் தென்மேற்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் பாடம் நடத்தினேன். தலைப்பு, ஆற்று நீரைப் பங்கிடுவது. கொலராடோ ஆற்றை ஏழு மாநிலங்களுக்குப் பிரித்த 1922 ஒப்பந்தத்தையும், சென்னை மாகாணமும் மைசூரும் செய்துகொண்ட 1924 காவிரி ஒப்பந்தத்தையும் அருகருகே வைத்துப் படித்தோம். ஏக்கர் அடியை (ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர்) டிஎம்சியாக (நூறு கோடி கன அடி) மாற்றுவது முதல் வாரப் பயிற்சி. 1922இல் மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்குமாகப் பங்கிட்ட 1.5 கோடி ஏக்கர் அடி, ஏறக்குறைய 653 டிஎம்சி. காவிரியின் நீர்வளம் என்று நடுவர் மன்றம் 2007இல் எடுத்துக்கொண்டது 740 டிஎம்சி. சுமார் 2,300 கிலோமீட்டர் ஓடுகிற தங்கள் ஆற்றைவிட, 800 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றின் கணக்கு பெரியது என்பதை மாணவர்கள் நம்பவே இல்லை. மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார்கள். போதாததற்கு, அந்த 653 கூட நல்ல மழை பெய்த ஆண்டுகளை வைத்துப் போட்ட கணக்கு. ஆற்றில் இல்லாத தண்ணீரையும் சேர்த்தே பங்கு பிரித்துவிட்டார்கள்.

அப்புறம்தான் காவிரிக்குள் போனோம். மழை பொய்த்த ஆண்டில் எல்லாருடைய பங்கும் விகிதப்படி குறைய வேண்டும் என்கிறது நடுவர் மன்றம். மாதாமாதம் அதை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் இன்றுவரை சண்டை. அந்தச் சூத்திரத்தை எழுதுவதுதான் மாணவர்களுக்கு இறுதித் தேர்வு. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், புதுச்சேரி என்று அணி பிரிந்து வாதாடினார்கள். அரிசோனா மாநிலத்தின் யூமா பக்கத்தில் கீரை பயிரிடும் குடும்பத்துப் பெண் ஒருத்தி தமிழ்நாட்டு அணியில் இருந்தாள். ஜூன் 12இல் மேட்டூர் திறக்காவிட்டால் குறுவை என்னாகும் என்று அவளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பாடத்திட்டத்தை எழுதியவன் நான். மதிப்பெண் போட்டவனும் நான்தான். துறைத் தலைவர் ஒருமுறை படித்துவிட்டு நடத்துங்கள் என்றார், அவ்வளவுதான். அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. அரை மதிப்பெண்ணுக்கு நள்ளிரவில் மின்னஞ்சல் போட்டுப் பேரம் பேசுகிற மாணவர்கள் அங்கும் உண்டு. பாடத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தற்காலிக ஆசிரியர்களின் பாடு நம் கௌரவ விரிவுரையாளர்களின் பாட்டைப் போன்றதுதான்.

ஊர் திரும்பினேன். இங்கே காவிரி என்பது நான்காம் அலகின் கடைசித் துணைத்தலைப்பு. 'காவிரி நதிநீர்ச் சிக்கல் குறித்துக் குறிப்பு வரைக', ஐந்து மதிப்பெண். டெல்டாவிலிருந்து பேருந்தில் வருகிற பிள்ளைகள் அந்த ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்கிறார்கள். இதை ஒரு தனி விருப்பப்பாடமாக நடத்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த திருத்தத்தின்போது பார்க்கலாம் என்று பதில் வந்தது.

2015இல் ஒன்றிய அரசு தொடங்கிய ஜியான் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் வந்து, தானே வகுத்த குறுகிய காலப் பாடத்தை நடத்துகிறார். அதற்குக் கிரெடிட் உண்டு, அவருக்கு டாலர் கணக்கில் மதிப்பூதியமும் உண்டு. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கொடுக்கிற நம்பிக்கையில் பாதியாவது, அதே வேலையை அவர் ஊரில் செய்துவிட்டு வந்த உங்கள் ஆசிரியருக்குக் கிடைக்கக் கூடாதா?

பொதுத் தேர்வு ஏன் இருக்கிறது என்று எனக்கும் தெரியும். அகமதிப்பெண்ணைக் காட்டி மாணவர்களை மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கல்லூரிகளின் மதிப்பெண்ணையும் ஒரே தட்டில் வைக்க வேண்டிய கட்டாயமும் இருக்கிறது. அதனால் முழுப் பட்டப்படிப்பையும் நான் கேட்கவில்லை. ஒரே ஒரு விருப்பப்பாடம், அந்த இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும். மதிப்பெண்ணை நாங்கள் போடுகிறோம், மாணவர்களின் வேலையை வெளித் தேர்வாளர் ஒருவர் படித்துப் பார்த்து உறுதி செய்யட்டும். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டக் குழுவிலேயே இதை முடித்துவிடலாம்.

வேலையில் இருப்பவர் இந்த நல்கைக்கு விண்ணப்பிக்கும்போது, விடுப்பு தருவோம் என்று நிறுவனம் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கோப்பு எப்படியும் உங்கள் மேசைக்கு வருகிறது. அதனுடன் நம் பக்கத்திலிருந்து ஒரு தாளைச் சேருங்கள்: திரும்பியதும் இவர் நடத்தப்போகும் விருப்பப்பாடத்தின் பெயர், தொடங்கும் செமஸ்டர். அதிலும் ஒரு கையெழுத்து. அடுத்த ஆண்டு விண்ணப்பிப்பவர்களிடமிருந்தே இதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர் ஒருவர்